கயிற்றுக்கு இந்தப் பக்கம்

என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டார் அந்தப் போலீஸ்காரர். அதுதான் வினையாகப் போயிற்று. வண்டி ஓடிக்கொண்டிருந்த வரைக்கும் தவசிமுத்துவுக்கு ஒன்றும் தெரியவில்லை. திருச்செந்தூரில் ஒன்பதரைக்கு உவரி பஸ்ஸை எடுத்ததிலிருந்து கையும் காலும் தங்கள் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தன. ஆலந்தலையில் ஆள் ஏறியது, குலசையில் பாதி வண்டி இறங்கி மறுபடி பாதி வண்டி ஏறியது, மணப்பாடு விலக்கில் ஒரு மீன்காரம்மா வெறுங்கூடையோடு முன்படி வழியாக ஏறி டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்தாள். எல்லாம் தினப்படி நடக்கிற மாதிரியே நடந்தது. மணப்பாடு தாண்டி, உடைமரக் காடு முடிந்து, தேரியின் செம்மணல் கடல் பக்கமாகச் சரிகிற இடத்துக்கு வந்தபோதுதான் ரோட்டுக்குக் குறுக்கே நீலக் கயிறு கட்டியிருப்பது தெரிந்தது. "பிளேன் எறங்குற வழி. கால் மணி நேரம், கூடிப்போனா இருவது நிமிசம். வண்டிய அணச்சிருங்க டிரைவர்," என்றார் போலீஸ்காரர். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒருமுறை உலுக்கிக்கொண்டு அடங்கியது. அது அடங்கியதும், இவ்வளவு நேரம் டீசல் சத்தத்துக்குள் பதுங்கியிருந்த நினைப்பெல்லாம் ஒன்றாக எழுந்து உட்கார்ந்துகொண்டது. மகள் எப்சி மேலே இருக்கிறாள். ஒரு பெரிய விமானத்தின் வயிற்றில் தொங்கிக்கொண்டு, நாற்பத்தையாயிரம் அடி என்று சொன்னாளே, அந்த உயரத்தில் இருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து கழன்று, தன் ராக்கெட்டை மூட்டி, பட்டப்பகலில் வானம் கறுத்துப்போகிற உயரம் வரைக்கும் ஏறி, அங்கிருந்து இறங்கி, இந்த ரோட்டுக்கு மேலேயே தாண்டிப் போய், தேரிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்கள் போட்டிருக்கிற ஓடுபாதையில் வந்து நிற்க வேண்டும். அவளோடு ஆறு பேர். டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறிய ஆறு பேர். இந்தக் கம்பெனி ஆளேற்றிப் போகிற முதல் நடை இது. அதை ஓட்டுகிறவள் கேப்டன் எப்சிபா தவசிமுத்து. இதைப் பார்க்கவே கூடாது என்றுதான் அவர் இன்றைக்கு டூட்டிக்கு வந்தார். பார்க்காமல் இருக்க வந்தவரைக் கொண்டுவந்து சரியாக அதற்கு நேர் கீழே நிறுத்திவிட்டது ஒரு கயிறு.

பார்க்கக் கூடாது என்பதில் வீம்பு ஒன்றும் கிடையாது. அவருடைய கால் சொன்னபடி கேட்காது, அவ்வளவுதான். முப்பத்துநாலு வருஷமாக வண்டி ஓட்டுகிறவர் இன்னொருவர் ஓட்டுகிற வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்க முடிவதில்லை. மகள் ஓட்டுகிற காரில் போனால்கூட, முன்சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு வலது காலால் கீழே இருக்கிற தகரத்தை மிதித்துக்கொண்டே வருவார். "எப்பா, அங்க பிரேக் இல்ல," என்பாள் அவள், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஆளேற்றாமல் வெள்ளோட்டம் விட்டபோது அவரையும் மனைவி ரத்னபாயையும் கூட்டிக்கொண்டு போய், பந்தல் போட்டு, கழுத்தில் அட்டை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதிரே வீடு உயரத்துக்கு ஒரு திரை. திரையில் எப்சியின் முகம், தலைக்கவசத்துக்குள், சின்ன வயதில் அம்மை போட்டு எழுந்தபோது இருந்த மாதிரி கண் மட்டும் பெரிதாக. அவள் இறங்கத் தொடங்கியதும் இவருடைய கால் மிதிக்கத் தொடங்கியது. மிதித்தது, மிதித்தது, முன்னால் இருந்த நாற்காலியின் கம்பியை வளைக்கிற அளவுக்கு மிதித்தது. அவள் இறங்கி நின்று ஊரே கைதட்டியபோது இவருக்குக் கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி எழுந்திருக்க முடியாமல் போய்விட்டது. கம்பெனிப் பெண் ஒருத்தி மாரடைப்பு என்று நினைத்து ஓட, டாக்டர் வர, ரத்னபாய் ஜெபம் பண்ண, பெரிய ரகளை. "காலு பிடிச்சுக்கிட்டு, வேற ஒண்ணும் இல்ல," என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. இந்தத் தடவை ரத்னபாய் தன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அவருக்கென்று போட்ட நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும். காலையில் ஐந்து மணிக்கு எப்சி போனில் கூப்பிட்டாள். "எப்பா, டூட்டிக்குப் போறியளா?" "ம்." "எத்தன மணி வண்டி?" "ஒம்பதர." "சரி, பாத்துப் போங்க." ம் என்றார். அவ்வளவுதான் பேச்சு. வானத்துக்குப் போகிறவள் உவரிக்குப் போகிறவரைப் பார்த்துப் போகச் சொல்கிறாள், இவர் திரும்ப ஒரு வார்த்தை, நீயும் பாத்துப் போ என்று ஒரு வார்த்தை, சொன்னால் வாய் வெந்தா போயிருக்கும்? ஏன் வரவில்லை அந்த வார்த்தை?

பின்னால் பேச்சு தொடங்கிவிட்டது. வண்டி நின்றால் ஜனங்களுக்குப் பேசத்தானே வேண்டும். கண்டக்டர் இசக்கியப்பன் போனில் நேரலையைப் போட்டு நடுக் கம்பியில் சாய்ந்து நிற்க, அவனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். "பணக்காரனுவளுக்குக் கொழுப்புவே. பூமில எடம் இல்லாமலா மேல போறான்," என்று ஒரு குரல். "ஓட்டுறது ஒரு பொம்பளப் பிள்ளயாம்லா," என்று இன்னொரு குரல். "ஆமா, நம்ம சாத்தாங்குளத்துக்காரி." "சாத்தாங்குளம் இல்ல, நாசரேத்து. எங்க சின்னம்ம வீட்டுக்குப் பக்கத்துத் தெரு." நாசரேத்தும் இல்லை, சாத்தான்குளமும் இல்லை, மெய்ஞ்ஞானபுரம் என்று திரும்பிச் சொல்ல தவசிமுத்துவின் நாக்கு துடித்தது. மெய்ஞ்ஞானபுரத்தில் பெரிய கோயிலுக்கு வடக்கே மூன்றாவது வீடு. வாசலில் பன்னீர் மரம். இசக்கியப்பனிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார், யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று. விட்டால் வண்டி ஓட்ட விடமாட்டார்கள், தோளைத் தட்டுவார்கள், படம் எடுப்பார்கள். அப்புறம் ஏதாவது ஒன்று, கர்த்தர் காப்பாற்றட்டும், ஏதாவது ஒன்று என்றால் அதே ஆட்கள் அதே முகத்தால் பார்ப்பார்களே, அந்தப் பார்வையை யார் தாங்குவது. ஆனால் ஒவ்வொருத்தரும் அவளைத் தங்கள் ஊருக்குப் பிடித்து இழுக்கிறதைக் கேட்கக் கேட்க உள்ளே ஏதோ உப்பிக்கொண்டு வந்தது. இழுங்கடே, நல்லா இழுங்க, எந்த ஊருக்கு இழுத்தாலும் ரேஷன் கார்டில் அவள் என் பேருக்குக் கீழேதான் இருந்தாள். மீன்காரம்மா கூடையை மடியில் வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டாள். "எந்தத் தாய் பெத்தாளோ, கொடுத்து வச்சவ." தாய் மட்டும் பெத்தால் ஆயிற்றா, என்று தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. பள்ளிக்கூடம் விட்டதும் டெப்போவுக்கு வந்து, அவருடைய வண்டி உள்ளே வரும்வரை காத்திருந்து, ஆளில்லாத வண்டியில் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டீரிங்குக்கு மேலே கண் எட்டாமல் ஸ்டீரிங்குக்கு உள்ளே இருந்த சந்து வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, வாயாலேயே கியர் போட்டுக்கொண்டு, வள்ளியூர் நாகர்கோவில் எல்லாம் போய்விட்டு வருவாளே. அப்போது யார் உடன் போனது? பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி, எந்த ஊர் வந்திருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போன ஒரே பயணி யார்? இதைத் தாய் என்ற கணக்கில் சேர்ப்பார்களோ. சேர்த்தால் சேர்க்கட்டும்.

"அந்தா, களத்திட்டாவ, களத்திட்டாவ!" என்று இசக்கியப்பன் கத்தினான். பெரிய விமானத்திலிருந்து அவளுடைய கலம் கழன்றுவிட்டது. வண்டிக்குள் பத்து வாய் ஒரே நேரத்தில் "ஓ" என்றது. தவசிமுத்து திரும்பவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். கடலுக்கு மேலே வெகு தூரத்தில், நகத்தால் கீறிய மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நட்டக்குத்தலாக ஏறிக்கொண்டிருந்தது. கண்ணை இறக்கி வேகமானியைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் கிடந்தது. அவளுக்கு எங்கே நிற்கும் முள்? சத்தத்தைப் போல மூன்று மடங்கு வேகம் என்றாள் அன்றைக்கு. கார்த்திகை மாதம், நல்ல மழை, டெப்போ வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "ஏறுங்கப்பா," என்றாள். அந்தக் காரில் வைத்துத்தான் அவர் அந்தப் பேச்சைப் பேசினார். விமானப் படையில் ஹெலிகாப்டர் ஓட்டினாளே பன்னிரண்டு வருஷம், வெள்ளத்தில் கூரை மேல் நின்ற ஜனங்களைக் கயிறு போட்டுத் தூக்கினாளே, ஒரு பிள்ளைத்தாச்சியைத் தூக்கி உள்ளே வாங்கியதை டிவியில் பார்த்துவிட்டு டெப்போ முழுக்க அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்களே, அந்த வேலையை விட்டுவிட்டு வந்து இப்படி. "ஏட்டி, கோடி கோடியா வச்சிருக்கவன் நாலு நிமிசம் மெதந்துட்டு வாரதுக்கு, அவனுக்கு வேடிக்க காட்டுறதுக்கா ஒன் உசுரு?" என்று கேட்டுவிட்டார். சிக்னல் விழுந்தது. அவள் காரை நிறுத்தி, கியரை விடுவித்து, நிதானமாகக் கேட்டாள். "எப்பா, நீங்க குத்தால சீசன் ஸ்பெஷல் எத்தன வருசம் ஓட்டுனிய?" "பதினோரு வருசம்." "அதுல ஏறுனவிய எதுக்குப் போனாவ?" "எதுக்குப் போவாவ? குளிக்கத்தான்." "குளிக்க. வீட்ல தண்ணி இல்லாமலா? நீங்க ஒரு நாளாவது, நீ எதுக்குப் போற, இது அவசியமான்னு கேட்டுட்டு ஒருத்தர ஏத்துனியளா?" பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவள் கியரைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "ஏத்துனா பத்திரமா எறக்கணும். அவ்வளவுதானப்பா நம்ம வேல." நம்ம வேலை. உன் வேலை என்றோ என் வேலை என்றோ சொல்லவில்லை அவள். விமானப் படையில் இருந்தவள், பதக்கம் வாங்கினவள், அமெரிக்காவில் போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள், உவரி ரூட்டில் ஓட்டுகிறவனோடு சேர்த்து நம்ம என்றாள். அந்த ஒரு சொல்லை மூன்று மாதமாக அவர் சட்டைப் பைக்குள் வைத்திருக்கிற மாதிரி வைத்திருக்கிறார். வண்டியைத் துடைக்கும்போதும் டீ குடிக்கும்போதும் எடுத்துப் பார்ப்பார். ஆனால் அவளிடம், நீ சொன்னது சரிதான் எம்மா என்று சொன்னாரா? அன்றைக்கு வீடு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாள். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். மேலே, அந்தக் கறுத்த இடத்தில் இருந்துகொண்டுகூட, அப்பாவுக்குக் கோபம் என்று.

"மெதக்காவ பாருங்க, ஒரு அம்மா மெதக்காவ, முடியெல்லாம் மேல நிக்கி!" சிரிப்பு. விசில். பணக்காரனுக்குக் கொழுப்பு என்றவரும் எட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டிக்கார மனுசிதான், இந்த வயசுல," என்றார். மிதக்கிறவர்கள் மிதக்கட்டும். மிதப்பதில் பயம் இல்லை. அவருக்குத் தெரிந்த வரை ஏறும்போதும் பெரிய பயம் இல்லை, எந்த மலையிலும் ஏற்றத்தில் வண்டி உருண்டு அவர் பார்த்ததில்லை. இறக்கம். இறக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "எறங்கும்போது என்ஜின் கிடையாதுப்பா," என்று ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் சாதாரணமாகச் சொன்னாள். "எரிபொருள் தீந்துரும். சும்மா காத்துல சறுக்கிக்கிட்டே வந்து எறங்குவோம்." இவர் கையில் இருந்த சோறு அப்படியே நின்றுவிட்டது. "நியூட்ரல்லயா?" "ஆமா, நியூட்ரல்லதான்," என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. குருசைப் பற்றி அவளிடம் அவர் சொன்னதே இல்லை. அரசு வேலை கிடைப்பதற்கு முன்னால், லாரி ஓட்டிய காலம், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கம். முன்னால் குருசு, பின்னால் இவர். டீசல் மிச்சம் பிடிக்கலாம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற பழக்கம் குருசுக்கு. அன்றைக்கு முதல் வளைவு போனான், இரண்டாவது வளைவு போனான், மூன்றாவது வளைவில் அவனுடைய வண்டியின் பின் விளக்கு எரிந்து, எரிந்து, எரிந்துகொண்டே இருந்தது. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறான் என்று பின்னால் இருந்து தெரிந்தது. அப்புறம் விளக்கும் இல்லை வண்டியும் இல்லை. நியூட்ரல். அந்தச் சொல்லைக் கேட்டால் அவருக்கு இன்றைக்கும் ரப்பர் கருகிய வாடை வரும். மூக்குக்குள், நிஜமாகவே, வரும். இப்போதும் வந்தது. அவர் வண்டியில் எதுவும் கருகவில்லை என்று தெரிந்தும் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள் அன்றைக்குத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னாள். "எப்பா, எங்களுக்கு ஒசரந்தான் டீசல். ஒசரத்த ஒரேயடியா செலவழிக்க மாட்டோம். வளஞ்சு வளஞ்சு, கொஞ்சங்கொஞ்சமா செலவழிச்சு எறங்குவோம். ஒரு தடவதான் எறங்க முடியும், திரும்ப ஒரு சுத்துப் போயிட்டு வர முடியாது. ஆனா அந்த ஒரு தடவய நான் ஐநூறு தடவ பழகிட்டேன்." ஐநூறு தடவை. ஐநூறு தடவை பழகினவள் ஐநூற்றோராவது தடவையும் செய்வாள். குருசு எத்தனை தடவை இறங்கியிருப்பான் அந்த மலையை? ஆயிரம் இருக்கும். இல்லை, அந்தக் கணக்கை இங்கே கொண்டுவரக் கூடாது. குருசு பழகியது சோம்பலை. இவள் பழகியது இறங்குவதை. இரண்டும் வேறு. வேறுதான். வலது கால் மிதிக்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை இடது காலால் அழுத்திப் பிடித்தார்.

"என்னவே, நின்னு போச்சு?" இசக்கியப்பனின் போனில் படம் உறைந்து, நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. தேரிக் காட்டில் எப்போதும் இப்படித்தான், டவர் கிடைக்காது. யாரோ தங்கள் போனைத் தட்டிப் பார்த்தார்கள், அதிலும் வட்டம். இசக்கியப்பன் போனைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டினான், மேற்கூரைப் பக்கம் நீட்டினான். "எறங்க ஆரம்பிச்சுட்டாவன்னு சொன்னாவ, அதோட நின்னுட்டு அண்ணாச்சி," என்று மெல்ல, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். சொல்லிவிட்டு அங்கேயே, அவர் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டான். நல்ல பயல். உடைமரத்தில் ஒரு காகம் கரைந்தது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அல்லது நாலு நிமிஷம். நேரத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வானம் முழுக்க நீலம், துடைத்துவிட்ட மாதிரி, எதுவுமே இல்லை. வெள்ளைக் கோடும் கலைந்து எங்கோ போயிருந்தது. அந்த அகலமான நீலத்துக்குள் எங்கே என்று தேடுவது ஒரு பிள்ளையை. அப்போதுதான் அது கேட்டது. டொம். ஒரு நொடி. டொம். ஜன்னல் கண்ணாடிகள் சடசடவென்று ஆடின, மரத்தில் இருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பின, மீன்காரம்மா கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ மாதாவே, வெடிச்சிட்டே, அந்தப் பிள்ள போச்சே," என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். பின்சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தவசிமுத்துவும் எழுந்தார். எழுந்து, பின்பக்கம் திரும்பி, முப்பத்துநாலு வருஷத்தில் பயணிகளைப் பார்த்துப் பேசாத அந்த மனிதர், டெப்போ முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார். "ஒண்ணும் ஆவல! யாரும் அழாதிய. அது வெடி இல்ல. சத்தத்த விட வேகமா வந்தா அப்படித்தான் கேக்கும், ரெண்டு தடவ. எறங்கி வாரோம்னு அடிக்கிற ஹாரன் அது. வாரா. எறங்கி வாரா." பணக்காரனுக்குக் கொழுப்பு என்றவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒமக்கு எப்படிவே தெரியும்?" "எம் மவ சொன்னா," என்றார் தவசிமுத்து. "ஒம்ம மவளுக்கு எப்படித் தெரியும்?" "அவதானவே ஓட்டிட்டு வாரா."

அதற்குப் பிறகு அவர் வண்டிக்குள் இல்லை. எப்படி இறங்கினார், முன்படி வழியா டிரைவர் கதவு வழியா என்று பிற்பாடு கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. ரோட்டில் நின்றார். செருப்புக்குக் கீழே தார் இளகியிருந்தது. வண்டியே அவருக்குப் பின்னால் இறங்கி வந்து நின்றது, ஆனால் யாரும் தோளைத் தட்டவில்லை, யாரும் படம் எடுக்கவில்லை, மீன்காரம்மா மட்டும் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிழக்கே வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார், பார்த்த இடமெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். "டிரைவர், ரோட்ல நிக்கக் கூடாது, எல்லாரும் வண்டில ஏறுங்க," என்று போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இசக்கியப்பன் குறுக்கே போனான். "சார், மேல வாரது இவிய மவ சார்." போலீஸ்காரர் நின்றார். அவருக்கு முப்பது வயது இருக்கும். தவசிமுத்துவின் காக்கிச் சட்டையைப் பார்த்தார், நெற்றிக்குக் கொடுத்திருந்த கையைப் பார்த்தார், தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். "வெயில் கூசும். இதப் போட்டுப் பாருங்க. கெழக்க இல்ல, தெக்க பாருங்க, அங்கேருந்துதான் திரும்பும்." போட்டார். உலகம் சட்டென்று தணிந்து, பழுப்பாக, தெளிவாக ஆயிற்று. தெற்கே, உவரிப் பக்கம், கடலுக்கு மேலே, ஒரு வெள்ளைப் பொட்டு. அது திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப அதற்கு இறக்கை முளைத்தது, வால் முளைத்தது. என்ஜின் சத்தம் எதுவும் இல்லை. இவ்வளவு பெரிய வானத்தில் இவ்வளவு வேகமாக ஒன்று வருகிறது, ஒரு சத்தமும் இல்லை. நியூட்ரல் என்று வந்த சொல் பாதியிலேயே நின்றுவிட்டது, ஏனென்றால் அந்த நேரத்தில் அவர் ஒரு டிரைவராகப் பார்க்கத் தொடங்கியிருந்தார். வளைவை எங்கே தொடங்குகிறாள் என்று பார்த்தார். சீக்கிரமே தொடங்கியிருந்தாள். அவசரக்காரன் வளைவுக்கு உள்ளே போன பிறகு திருப்புவான், தெரிந்தவன் வளைவு வருமுன்னே ஸ்டீரிங்கை வாங்கி ஒடிப்பான். இவள் முன்னேயே வாங்கி, அகலமாக, ஒரு உலுக்கல் இல்லாமல், உள்ளே இருக்கிற ஆறு பேரில் ஒருத்தருக்குக்கூடத் தலை சாயாத மாதிரி, சின்னப் பிள்ளையைத் தோள் மாற்றிப் போடுகிற மாதிரி, எடுத்தாள். யாரிடம் கற்றாள் இதை? யாரும் கற்றுக் கொடுத்திருக்க முடியாது, கற்றுக் கொடுத்து வருகிற கை இல்லை இது. இவ்வளவு நன்றாக ஒரு வளைவை எடுக்க அவருக்கே வராது. அந்த நினைப்பு வந்தபோது அவருக்குப் பொறாமையோ வருத்தமோ வரவில்லை, தேகம் முழுக்கச் சூடாக ஒன்று பரவியது. தன்னைவிட நன்றாக ஓட்டுகிற ஒருத்தியைப் பெற்று வைத்திருக்கிறோம். நேராக வந்துவிட்டாள். மூக்கைத் தாழ்த்தி, ரோட்டை நோக்கி, அவர்களை நோக்கி. நிழல்தான் முதலில் வந்தது. தேரி மேல் ஏறி, உடைமரங்கள் மேல் ஓடி, பஸ்ஸின் கூரையைத் தடவிவிட்டு, அவர் முகத்தின் மேல் ஒரு கணம் குளிர்ச்சியாக விழுந்து, போனது. பிறகு காற்று, புதுத் துணியைக் கிழித்த மாதிரி ஒரு நீளச் சத்தம். வயிற்றுப் பக்கத்தில் சக்கரங்கள் இறங்கியிருந்ததைப் பார்த்தார். மூன்று சக்கரம். எண்ணினார். தேரிக்கு அந்தப் பக்கம் மறைந்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, மறைந்த இடத்திலிருந்து செம்மண் தூசி எழும்பி, நிதானமாக, நேர்கோடாக, வடக்கே பார்த்து ஓடியது. ஓடி, மெலிந்து, நின்றது. போலீஸ்காரரின் வாக்கி டாக்கியில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. மீன்காரம்மா சட்டை நுனியை விட்டாள். அப்போதுதான் தவசிமுத்து குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். அது தரையில் சும்மா நின்றுகொண்டிருந்தது. ஒரு தடவைகூட மிதித்திருக்கவில்லை.

உவரியில் வண்டியைப் போட்டபோது பத்தொன்பது நிமிஷம் தாமதம். வழியெல்லாம் ஆட்கள் இறங்கும்போது ஒவ்வொருவராக முன்படி வழியாகவே இறங்கினார்கள், பின்படியில் இறங்க வேண்டியவர்களும். "வாரேன் அண்ணாச்சி," என்று ஒருத்தர், "பிள்ளய கேட்டதாச் சொல்லுங்க," என்று ஒருத்தர். பணக்காரனுக்குக் கொழுப்பு என்றவர் இறங்கி, நாலடி போய், திரும்பி வந்து, "நல்லா எறக்குனா," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தவசிமுத்து எல்லோருக்கும் தலையை ஆட்டினார். கோயில் பக்கத்தில் நிழலில் நிறுத்தி, கீழே இறங்கி, முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது இசக்கியப்பன் அவருடைய போனைக் கொண்டுவந்தான். "அண்ணாச்சி, அவியதான்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல், பாட்டு, ரத்னபாயின் குரல் எங்கேயோ. "எப்பா." "சொல்லும்மா." "வண்டி நேரத்துக்குப் போச்சா?" "பத்தொம்பது நிமிசம் லேட்டு. நடுவுல ரோட்ட மறிச்சிட்டாவ." "யாரு?" "ஒங்க ஆளுவதான்." அவள் சிரித்தாள். மேலே போய்விட்டு வந்தவளுடைய சிரிப்பு மாதிரி இல்லை, வீட்டுக் கொல்லையில் நின்று சிரிக்கிற அதே சிரிப்பு. "எல்லாரையும் எறக்கியாச்சா?" என்று கேட்டார். "அஞ்சு பேரு எறங்கியாச்சு. ஒரு அம்மா மட்டும் எறங்கவே இல்லப்பா. பெல்ட்ட அவுக்கவே விட மாட்டேங்காவ. அழுதுட்டே சிரிக்காவ. எழுவது வயசுல இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேனே, இப்பமே இன்னொரு நட போவோமாங்காவ." "அவசரப்படுத்தாத. கொஞ்ச நேரம் இருந்துட்டு எறங்கட்டும்," என்றார். "சரிப்பா." மூன்று மாதமாகத் தொண்டையில் நின்றது இப்போது மேலே வந்தது, ஆனால் அவர் நினைத்து வைத்திருந்த உருவத்தில் வரவில்லை. "அந்தத் தெக்கு வளைவு," என்று தொடங்கினார். "எதுப்பா?" "கடலுக்கு மேல திருப்புனல்லா, அந்த வளைவு. முன்னாலயே வாங்கி எடுத்த பாரு. நான் இத்தன வருசத்துல அப்படி ஒண்ணு எடுத்ததில்லம்மா." அவள் மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. "எப்பா," என்றாள், குரல் ஒருமாதிரி ஆகி, "நீங்க பாத்தியளா?" தவசிமுத்து கடலைப் பார்த்தார். திரும்பும் நடைக்கு ஆட்கள் வண்டியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். "கண்ண எடுக்காம பாத்தேன்," என்றார்.